கழித்தல் குறிக்குப் பயப்படாதவள்

எண்கள் நிறைந்த தாளைக் கையில் கொடுத்தால் எல்லோரும் பெரிய எண் எங்கே இருக்கிறது என்று தேடுவார்கள். அவள் மைனஸ் எங்கே இருக்கிறது என்று தேடுவாள். பழைய பஸ் டிக்கெட் ஒன்றை வரிக்குக் கீழே வைத்து ஒவ்வொரு வரியாக நகர்த்திக்கொண்டே வருவாள். மைனஸ் வந்ததும் டிக்கெட் நின்றுவிடும். கையிலிருக்கும் வேர்க்கடலையை வாயில் போடாமல் அப்படியே வைத்துக்கொண்டு, "இது இன்னா சொல்லுதுக்கா?" என்பாள். என்னைக் கேட்கிறாள் என்று நினைத்து ஆரம்பத்தில் ஏதாவது பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் கேட்டது தாளை.

அவள் மேல் எனக்குப் பொறாமை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நடுவில் எங்காவது நான் அவளைப் புகழ்ந்தால் அதையும் சேர்த்தே படித்துக்கொள்ளுங்கள்.

செஞ்சியில் ஒரு தனியார் கல்லூரியில் நான் வணிகவியல் நடத்திக்கொண்டிருந்தேன். எனக்கு இரண்டு வருடம் கழித்து அவள் அதே துறையில் சேர்ந்தாள். இருவரும் வேலை பார்த்துக்கொண்டே ஒரே வழிகாட்டியிடம் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தோம். எனக்குக் கடைவீதியில் வீடு, அப்பாவுக்குப் பாத்திரக்கடை. அவள் வல்லத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். அப்பாவை அவள் நைனா என்பாள்; அவர் மற்றவர்கள் நிலத்தில் டிராக்டர் ஓட்டினார். அண்ணன் ஒரு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீசியன். கல்லூரியில் எல்லோரையும் சார், மேடம் என்றவள் என்னை மட்டும் அக்கா என்றாள். யாரும் சொல்லிக்கொடுக்காமல் முதல் வாரத்திலேயே அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

எங்கள் இருவரின் ஆய்வுக்கும் காரணிப் பகுப்பாய்வுதான் முதுகெலும்பு. கேட்பதற்குப் பயமாக இருக்குமே தவிர விஷயம் எளிமையானது. இருபது இருபத்தைந்து கேள்விகளை நிறையப் பேரிடம் கேட்டு, பதில்களைக் கம்ப்யூட்டரில் கொட்டினால், எந்தெந்தக் கேள்விகளின் பதில்கள் சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று பார்த்து அது நாலைந்து கூட்டமாகப் பிரித்துத் தரும். ஒவ்வொரு கூட்டமும் ஒரு காரணி. ஒரு கேள்வி அந்தக் கூட்டத்தோடு எவ்வளவு இறுக்கமாக ஒட்டியிருக்கிறது என்பதைக் காட்டும் எண்ணுக்கு லோடிங் என்று பெயர். கூட்டத்துக்குப் பெயர் வைப்பது மட்டும் நம் பொறுப்பு. அந்த லோடிங் எண்ணுக்கு முன்னால் சில சமயம் ஒரு மைனஸ் வந்து நிற்கும். அங்கேதான் என்னைப் போன்றவர்கள் அடுத்த பக்கத்துக்குப் புரட்டிவிடுவோம்.

"மைனஸ்னா இல்லன்னு அர்த்தம் இல்லக்கா. இருக்குது, அந்தப் பக்கம் பாத்து நிக்குது. அவ்ளோதான்" என்பாள் அவள். "பூஜ்யத்துக்குப் பக்கத்துல ஒண்ணு நிக்குது பாருங்க, அதான் நமக்கு சம்பந்தம் இல்லாதது."

அவளை நான் முதன்முதலில் வெறுத்த நாள் எனக்குத் தெளிவாக நினைவிருக்கிறது. கல்லூரியில் ஆசிரியர்களைப் பற்றி மாணவர்களிடம் கருத்துப் படிவம் வாங்கியிருந்தார்கள். பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண். கூட்டிப் பார்த்து வரிசைப்படுத்தும் வேலையை முதல்வர் என்னிடம் கொடுத்தார். இரண்டு நாள் உட்கார்ந்து முடித்தேன். கடைசி இடம் தமிழ்த் துறையின் மூத்த பேராசிரியருக்கு. பிள்ளைகள் அவர் வகுப்பென்றால் ஜன்னலுக்கு வெளியே நின்றுகூடக் கேட்பார்கள். முதல்வர் அவரைக் கூப்பிட்டு விளக்கம் எழுதித் தரச் சொல்லிவிட்டார். மனிதர் அறைக்கு வெளியே வந்து, "நான் எங்கம்மா தப்பு பண்ணேன்" என்று என்னிடமே கேட்டார்.

அன்று மதியம் அவள் அந்தப் படிவங்களையும் நான் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்த எண்களையும் வாங்கிக்கொண்டு மாடியிலிருந்த கம்ப்யூட்டர் லேபுக்குப் போனாள். ராஜகிரிக் கோட்டைமலையைப் பார்த்த ஜன்னலோரம் அவளுடைய வழக்கமான இடம். ஒரு மணி நேரத்தில் தாளோடு கீழே இறங்கி நேராக முதல்வர் அறைக்கு வந்தாள். நானும் உள்ளே இருந்தேன்.

"சார், பத்துல நாலு கேள்வி மட்டும் மைனஸ்ல வருது. மத்த ஆறும் ஏறினா இது நாலும் எறங்குது. கேள்வியப் படிச்சுப் பாருங்க சார்."

முதல்வர் படித்தார். வகுப்புக்குத் தாமதமாக வருகிறார். பாடத்தை அவசரமாக ஓட்டுகிறார். சந்தேகம் கேட்டால் எரிந்து விழுகிறார். புத்தகத்தைப் பார்த்தே படிக்கிறார். இந்த நாலுக்கும் பிள்ளைகள் அவருக்கு ஒன்று போட்டிருந்தார்கள்; கொஞ்சம்கூட இல்லை என்று அர்த்தம். நான் அதையும் குறைந்த மதிப்பெண்ணாகக் கூட்டியிருந்தேன்; மற்ற ஆறில் எல்லோருக்கும் நாலும் ஐந்துமாக இருந்ததால் இந்த நாலுதான் அவரைக் கடைசிக்குத் தள்ளியிருந்தது. நாலையும் திருப்பிப் போட்டுக் கூட்டியபோது அவர் முதலிடத்துக்கு வந்தார்.

முதல்வர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"அக்கா மேல தப்பு இல்ல சார். படிவத்த தயார் பண்ணவங்க நாலு கேள்வி திரும்பி நிக்குதுன்னு குறிப்பு போடாம வுட்டுட்டாங்க" என்றாள் அவள்.

அவள் என்னை மாட்டிவிட்டிருந்தால் எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. காப்பாற்றினாள். அதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

என் ஆய்வு, விடியற்காலையில் கம்பெனி வேன் ஏறி வேலைக்குப் போகும் பெண்களைப் பற்றியது. செஞ்சியைச் சுற்றியுள்ள ஊர்களில் அப்படிப் போகிறவர்கள் நிறைய. எனக்கு வந்த காரணிகளில் ஒன்றுக்குக் குடும்ப ஆதரவு என்று பெயர் வைத்திருந்தேன். வீட்டில் என் வேலையை மதிக்கிறார்கள், நான் இல்லாதபோது குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார்கள், உடம்பு முடியாவிட்டால் சமைத்துத் தருகிறார்கள் எல்லாம் அழகாக அதில் வந்து சேர்ந்தன. ஒரே ஒரு கேள்வி மட்டும் பெரிய எண்ணோடு மைனஸில் நின்றது. விடுமுறை நாளில் என் விருப்பப்படி வெளியே போய்வருவேன் என்பது அந்தக் கேள்வி. அதாவது, வீட்டில் எவ்வளவு தாங்குகிறார்களோ அவ்வளவுக்கு அந்தப் பெண் ஞாயிற்றுக்கிழமை வெளியே போவதில்லை. கேள்வி ஒன்றும் தலைகீழாகக் கேட்கப்படவில்லை. எங்கள் வழிகாட்டி, "அந்த ஒண்ணைத் தூக்கிடும்மா, அசிங்கமா இருக்கு" என்றார். எனக்கும் அதுதான் நிம்மதியாக இருந்தது.

"தூக்கிப் போடறதுக்கு மின்னாடி யாராவது ஒருத்தர கேட்டுப் பாக்கலாம்க்கா" என்றாள் அவள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் ஸ்கூட்டரில் அவள் ஊருக்குப் போனோம். அவள் தெருவிலேயே வேனுக்குப் போகும் பெண் ஒருத்தி. முப்பது வயதிருக்கும். தண்ணீர்க் குழாயடியில் ஒரு வாரத்துத் துணியைத் துவைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒம் மாமியாரு நல்லா பாத்துக்குதா?" என்று இவள் கேட்டாள்.

"எங்கம்மா கூட அப்பிடி பாக்காது. அஞ்சு மணிக்கு வேன் வந்துடுது. புள்ளைய எழுப்பி, குளுப்பாட்டி, ஸ்கூலுக்கு வுடறது எல்லாம் அதுதான்."

"அப்ப ஞாயித்துக்கெழம எங்கியாவது போயிட்டு வரலாம் இல்ல?"

அந்தப் பெண் துணியைப் பிழிந்துகொண்டே சிரித்தாள். "ஆறு நாளு அது ஓடுது. ஏழாவது நாளு நான் பூ வச்சுக்கினு செஞ்சிக்குக் கெளம்பினா நல்லாவா இருக்கும்? யாரும் வேணான்னு சொல்லலக்கா. எனக்கே மனசு வரல."

திரும்பி வரும்போது வழியெல்லாம் நிலக்கடலை காயப்போட்டிருந்தார்கள், பார்த்து ஓட்டவேண்டியிருந்தது. பின்னாலிருந்து அவள் என் காதருகே சொன்னாள்: "அது வெறும் ஆதரவு இல்லக்கா. நன்றியும் அதுலயே இருக்குது. வாங்கிக்கினவங்க அடங்கி நடந்துக்கறாங்க. பேர மாத்தி வச்சுப் பாருங்க, அந்த மைனஸ் சரியா உக்காந்துடும்."

உட்கார்ந்தது. அந்த ஒரு எண்ணால் என் ஆய்வின் நான்காம் இயலுக்கு உயிர் வந்தது. வழிகாட்டி படித்துவிட்டு, "எப்படிம்மா இது தோணுச்சு?" என்றார். "நேர்ல போய்க் கேட்டேன் சார்" என்றேன். போனோம், கேட்டாள் என்று சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பெண்களிடம் மாதக்கணக்கில் படிவத்தை நீட்டியவள் நான். கேள்விகளை எழுதியவள் நான். பதில் மட்டும் அவளிடம் போய்ப் பேசியிருக்கிறது.

அவள் எங்கள் வீட்டுக்கு முதன்முறை வந்தபோது அம்மா எந்த டம்ளரில் காபி கொண்டுவருவாள் என்று என் கண் சமையலறை வாசலிலேயே இருந்தது. எங்கள் எல்லோருக்கும் கொடுக்கும் டம்ளரில்தான் கொண்டுவந்தாள். நான் மூச்சு விட்டேன். காபியை வாங்கும்போது அவள் டம்ளரைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள். குடித்துவிட்டு, "சக்கர கரெக்டா இருக்குதும்மா" என்றாள். அவளுக்கு முன்னால் எதையும் நினைக்கக்கூட முடியாது என்று அன்றைக்குத் தோன்றியது.

அதன்பிறகு கல்லூரி விட்டதும் பஸ்ஸுக்கு நேரமிருந்தால் எங்கள் கடையில் வந்து உட்காருவாள். என் அப்பாவை அவளும் அப்பா என்றே கூப்பிட்டாள். அது என்ன, என் அப்பாவைப் போய் அப்பா என்கிறாய் என்று நான் ஒருநாள் விளையாட்டுப்போலக் கேட்டேன். "எனக்கு நைனாதான்க்கா இருக்குது. அப்பா இல்லியே" என்று சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். நான் சிரித்தேனா என்று நினைவில்லை.

கடைக்கு அனந்தபுரத்திலிருந்து ஒரு வாடிக்கையாளர் வருவார். வந்தால் சண்டைதான். குக்கர் விசில் சரியில்லை, தவலையில் ஒட்டு, போன முறை கொடுத்த அண்டா கனமில்லை. அன்றும் கத்திவிட்டுப் போனார். "இந்தாளு கடைக்கு வராம இருந்தா ஒரு தேங்காய் உடைப்பேன்" என்றார் அப்பா.

"அவுரு இத்தினி வருஷமா வேற கடைக்குப் போகலியேப்பா" என்றாள் அவள். "சண்ட போடறவருக்கு உங்க கட மேல என்னமோ இருக்குது. ஒண்ணுமே சொல்லாம வந்து பாத்துட்டுப் போறாங்க பாருங்க, அவுங்களுக்குத்தான் உங்க கடையும் ஒண்ணு, பக்கத்துக் கடையும் ஒண்ணு."

அப்பா கையிலிருந்த துணியை வைத்துவிட்டு அவளை ஒரு நிமிடம் பார்த்தார். அன்றிலிருந்து தினமும் சாப்பிடும்போது கேட்பார்: "அந்தப் பொண்ணு இன்னிக்கு என்ன சொல்லிச்சு?" நான் ஐந்து வருடமாக ஆய்வு செய்கிறேன். எதைப் பற்றி என்று அவர் ஒருநாளும் என்னைக் கேட்டதில்லை.

இனிச் சொல்லப்போவது நான் செய்தது.

அவளுடைய ஆய்வு, தங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைகளைப் பற்றியது. அதில் ஒரு காரணிக்கு வந்த எண்கள் அத்தனையும் மைனஸில் இருந்தன. வகுப்பில் எழுந்து பேசுவேன், சந்தேகம் கேட்பேன், தெரியாத அலுவலகத்துக்குத் தனியாகப் போவேன், எல்லாவற்றுக்கும் முன்னால் மைனஸ். அவள் சாதாரணமாக அந்த வரிசை முழுவதையும் திருப்பி பிளஸ்ஸாக்கி, துணிச்சல் என்று பெயர் வைத்தாள். நான் பதறிப்போனேன்.

"எண்ணை மாத்தலாமாடி?"

"ஒண்ண மட்டும் மாத்தினா தப்புக்கா. மொத்தமா திருப்பினா ஒண்ணும் மாறாது" என்றாள். "எங்க ஊரு கெணத்துல தண்ணிய மேலேர்ந்து கயிறு வுட்டு அளந்தா, தண்ணி ஏற ஏற எண்ணு கொறையும். அடியிலேர்ந்து அளந்தா ஏறும். கெணறு அதே கெணறுதான். எங்கேர்ந்து அளக்கறதுன்னு கம்ப்யூட்டரு அதுவா ஒரு பக்கம் எடுத்துக்குது. இந்த வாட்டி அது தயக்கத்துலேர்ந்து அளந்துட்டுது. நான் துணிச்சல்லேர்ந்து அளக்கறேன்."

இவ்வளவு தெளிவாக எனக்கு யாரும் சொன்னதில்லை. நோட்டில் குறித்துக்கொண்டேன்.

ஆய்வைச் சமர்ப்பிக்கும் முன் ஒரு குழு அதைப் பார்த்து அனுமதிக்க வேண்டும். எங்கள் இருவருக்கும் ஒரே நாள். அவள் முதலில், நான் அடுத்து என்பதால் அதே அறையில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். குழுவில் ஒருவர் பின்னிணைப்பில் இருந்த மூல அட்டவணையையும் உள்ளே இருந்த அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இங்க மைனஸ் இருக்கு. உள்ள பிளஸ்னு இருக்கு. கம்ப்யூட்டர் குடுத்ததை நீங்க மாத்தியிருக்கீங்க."

அவள் விளக்கினாள். கிணற்றைச் சொல்லவில்லை, புத்தகத்தில் இருப்பதுபோலச் சொன்னாள். அவர் கேட்கிற மனநிலையில் இல்லை. தரவைத் திருத்துவது எவ்வளவு பெரிய குற்றம் தெரியுமா என்றார். எங்கள் வழிகாட்டிக்குக் கணக்கில் பிடிமானம் கிடையாது. அவர் பேனாவைத் திறந்து திறந்து மூடினார். குழுத் தலைவர் என் பக்கம் திரும்பினார்.

"நீங்களும் இதே முறையைத்தானேம்மா பயன்படுத்தியிருக்கீங்க? உங்க ஆய்வுல இப்படி மாத்தியிருக்கீங்களா?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கெஞ்சலெல்லாம் இல்லை. அக்கா சொல்லிவிடுவாள் என்ற நிம்மதிதான் அந்த முகத்தில் இருந்தது.

"நான் என்னுடையதில் எதையும் மாத்தலை சார்" என்றேன்.

அது உண்மை. எனக்கு அப்படி ஒரு வரிசை வரவே இல்லை. அவர் கேட்டதற்குப் பதில் சொன்னேன். அவ்வளவு சொன்னால் போதும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

சரிசெய்துகொண்டு அடுத்த கூட்டத்துக்கு வரும்படி அவளிடம் சொன்னார்கள். எனக்கு அன்றே அனுமதி கிடைத்தது. அடுத்த கூட்டம் ஆறு மாதம் கழித்து. அதற்குள் எங்கள் துறைத்தலைவர் ஓய்வு பெற்றார். இருவரில் யார் முதலில் ஆய்வைச் சமர்ப்பித்தார்களோ அவர்களுக்கு அந்த இடம் என்றது நிர்வாகம். என்னைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அவள்தான் முதலில் வந்து கைகொடுத்தாள்.

ஆறு மாதம் கழித்து அவள் அதே அட்டவணையோடு போனாள். ஒரு எண்ணைக்கூட மாற்றவில்லை. பாடநூல் ஒன்றின் பக்கத்தை நகலெடுத்து மேலே வைத்திருந்தாளாம். பத்து நிமிடத்தில் அனுமதி கொடுத்துவிட்டார்கள். அடுத்த மாதமே கோயம்புத்தூர் பக்கம் ஒரு கல்லூரியில் வேலை கிடைத்து, எங்கள் கல்லூரிக்கு ராஜினாமா எழுதிக்கொடுத்தாள். அந்தக் கடிதத்தில் துறைத்தலைவர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன்.

ஊரைவிட்டுக் கிளம்பும் நாள் கடைக்கு வந்தாள். அப்பா அவளுக்காக ஒரு எவர்சில்வர் டிபன் கேரியர் எடுத்து வைத்திருந்தார். பெயர் வெட்டும் மெஷினை அவரே எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். கண் சரியாகத் தெரியாததால் அந்த வேலையை விட்டு வருடக்கணக்காகிறது.

"டாக்டர்னு போடட்டுமா?"

"இன்னும் வரலப்பா. வைவா முடியணும்."

"வரும். போட்டுடறேன்" என்று முகத்தைப் பாத்திரத்தோடு ஒட்டிவைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக வெட்டினார். மெஷின் கிர்ரென்று சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது. எனக்குப் பட்டம் கிடைத்து வீட்டில் சொன்னபோது அப்பா, "நல்லது" என்றிருந்தார்.

அவள் பைகளில் ஒன்றை நான் வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை நடந்தேன். சேலம் பஸ் இன்னும் வரவில்லை. சொல்லாமல் விட்டால் இனிச் சொல்லமுடியாது என்று தோன்றியது.

"அன்னிக்கு அந்த ரூம்ல நான் சொல்லியிருக்கலாம்" என்றேன்.

"தெரியும்க்கா."

"அப்புறம் ஏன் நீ என்னை ஒரு வார்த்தை கேக்கலை?"

அவள் கடலைப் பொட்டலத்தை மடித்துக் கைப்பையில் வைத்தாள். "கேட்டிருந்தா நீங்க உண்மைய சொல்லியிருப்பீங்க. அதுக்கப்புறம் என்ன பாக்கறப்பல்லாம் உங்களுக்கு அந்த நாளு ஞாபகம் வந்துனே இருக்கும். ஒரே ரூம்ல எப்படிக்கா உக்காந்து வேல செய்யறது?"

"இப்ப?"

"இப்ப நான்தான் போறேனே."

பஸ் வந்தது. கூட்டத்தில் முண்டி ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்தாள். பையை ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். அவ்வளவையும் கேட்ட பிறகும் எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். என்னைப் பற்றிக்கூட என்னைவிட இவளுக்குத்தான் தெரியுமா என்று இருந்தது. பஸ் நகரும்போது அவள் தலையை வெளியே நீட்டினாள்.

"அக்கா, அப்பாவ பிரஷர் மாத்தர ஒழுங்கா போடச் சொல்லுங்க. சாப்புடறதே இல்ல அவுரு."

அப்பா மாத்திரை சாப்பிடுவதில்லை என்று எனக்குத் தெரியாது. மாதாமாதம் வாங்கிக்கொடுப்பது நான்தான். நேராகக் கடைக்குத் திரும்பிப்போய்க் கல்லாமேசையின் கீழ் இழுப்பறையைத் திறந்தேன். மூன்று அட்டை மாத்திரை பிரிக்காமல் கிடந்தது.

ஒன்றைப் பிய்த்து, சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு அவர் முன்னால் நின்றேன். அப்பா மாத்திரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"யாரு சொன்னது? அந்தப் பொண்ணா?"

"ஆமாப்பா. அவதான் சொன்னா."

அவர் மறுபேச்சுப் பேசாமல் வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.